ஒஈ

பிப்ரவரி 3, சனி

மிளகாய்ச் சல்லடையைத் தேடிப் பரணில் ஏறினேன். சல்லடை கிடைக்கவில்லை. என் வீட்டம்மா இந்திராணியின் கம்ப்யூட்டர் கீபோர்டு கிடைத்தது, யூரியா சாக்கில் சுற்றிச் சணல் போட்டுக் கட்டியபடி. கட்டியது நான்தான்.

போகும்போது அவள், "அதைப் பழைய இரும்புக்குப் போட்டுடுங்க" என்றாள். இரும்புக்காரன் வந்தான். பழைய மோட்டாரைப் போட்டேன், ஓட்டைக் குடத்தைப் போட்டேன். இதை மறந்துவிட்டேன். எனக்கு மறதி ஜாஸ்தி.

தூக்கிப் பார்த்தால் ரெண்டு கிலோ பச்சரிசி கனம். மாவு மில் வைத்திருப்பவன் கை தராசு, தப்பாது. இப்போது விற்கிற கீபோர்டு எல்லாம் அப்பளம். இது அம்மிக்கல்.

இந்திராணி திருப்பூரில் தன் தங்கச்சி வளர்மதி வீட்டில் இருக்கிறாள். ஒரு மாறுதலுக்குப் போனாள். எட்டு மாதம் ஆகிறது.

பிப்ரவரி 4, ஞாயிறு

மில் லீவு. ஒரு ஆளுக்கு ரசம் வைக்க எனக்கு இன்னும் வரவில்லை. எப்படி வைத்தாலும் ரெண்டு ஆளுக்கு வந்துவிடுகிறது. நானே ரெண்டு ஆளாகக் குடித்தேன்.

இந்த டைரி உரக்கடைக்காரர் கொடுத்தது. மில் ஓடும்வரை பேச ஊரே இருக்கிறது. ஷட்டரை இறக்கினால் இதுதான். நல்ல டைரி. நான் ஜோக் சொன்னால் முகம் சுளிப்பதில்லை.

எழுதத்தான் நேரம் பிடிக்கிறது. மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தேன். ஒரு எழுத்து மறந்துபோனால் 'க'வில் இருந்து பாடிக்கொண்டே வரவேண்டும். "உங்களுக்கு எழுத்துன்னா ஏணிப்படிங்க, நடுவுல கால் வைக்கத் தெரியாது" என்பாள் இந்திராணி. கேலி எனக்கு மட்டும் பட்டா போட்டது இல்லை. அவளுக்கும் வரும். ஆனால் அவள் என்னிடம் மட்டும்தான் சொல்வாள்.

பிப்ரவரி 6, செவ்வாய்

சும்மா கிடப்பதை ரிப்பேர் செய்து வைத்தால் யாருக்காவது ஆகுமே என்று கீபோர்டை பஸ் ஸ்டாண்டு ரோஸ்லினிடம் கொண்டுபோனேன். ஜெயங்கொண்டத்தில் செல்போன், கம்ப்யூட்டர் எது செத்தாலும் எழுப்பிவிடுகிற பெண். முப்பது வயது இருக்கும். வாய் எனக்குச் சமம்.

நாலு ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்தாள். "போர்டு கல்லு மாதிரி இருக்குண்ணே. பட்டனுக்கு அடியில சுவிட்ச்தான் போச்சு. அந்தக் காலத்து சுவிட்ச், இப்ப வராது. புது சுவிட்ச் மாத்திட்டா இன்னும் இருபது வருசம் ஓடும்."

"அப்ப பழைய உடம்பு, புது முட்டி."

"உங்களுக்கும் ஒரு சோடி போட்டு வுட்டுறவா?"

"எனக்கு வாய்க்கு ஒண்ணு போடும்மா. வேணுங்கறப்ப அணைக்கிற மாதிரி."

"அதை எந்தக் கம்பெனிக்காரனும் இன்னும் பண்ணலண்ணே."

கடையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். நல்ல நாள்.

பிப்ரவரி 9, வெள்ளி

ரோஸ்லின் மேஜையில் மூன்று சுவிட்ச் வைத்திருந்தாள். ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவு. எது வேண்டும், அமுக்கிப் பார்த்துச் சொல்லுங்கள் என்றாள்.

முதலாவது சத்தமே இல்லை. நெய்யில் விரல் விட்ட மாதிரி இறங்கியது. ரெண்டாவது பாதி வழியில் ஒரு சின்ன மேடு, தொண்டையில் சோறு தட்டிப் பிறகு இறங்குவதுபோல. மூன்றாவது 'டக்' என்றது.

"சத்தமில்லாததுதான் இப்ப எல்லாரும் கேக்குறாங்க" என்றாள். கண்ணை மூடி மூன்றையும் மாற்றி மாற்றி அமுக்கினேன். கடை வாசலில் ரெண்டு பேர் காத்திருந்தார்கள்.

எங்கள் வீட்டில் முன்பக்கம் மில். அடுத்த அறையில் 'இந்திராணி டைப்பிங், ஜெராக்ஸ்'. நடுவில் ஒரு கதவு. மில் ஓடும்போது அவள் சத்தம் எனக்குக் கேட்காது. கரண்டு போனால்தான் கேட்கும். பெல்ட் நின்ற உடனே அந்தப் பக்கம் யுபிஎஸ் கூவ ஆரம்பிக்கும். அது அணைவதற்குள் பக்கத்தை முடிக்க அவள் வேகவேகமாக அடிப்பாள். டக்டக்டக்டக், கடைசியில் பெரிய பட்டனில் ஒரு டாக். நான் இங்கிருந்து, "கோழிக்குத் தீனி போட்டாச்சா?" என்று கத்துவேன். மாவு அரைக்க வந்தவர்கள் சிரிப்பார்கள். இருபத்தாறு வருசம் இதே ஜோக்தான். மாற்றவே இல்லை.

மூன்றாவதையே போடச் சொன்னேன்.

பிப்ரவரி 12, திங்கள்

சுவிட்ச் எல்லாம் மாற்றியாகிவிட்டது. மேலே பட்டன்களை மட்டும் இன்னும் மாட்டவில்லை. கழற்றிய பழைய சுவிட்சுகளில் ஒன்றை இடுக்கியால் எடுத்து நீட்டினாள்.

"இதைப் பாருங்கண்ணே. 'ம' பட்டனுக்கு அடியில இருந்தது. உள்ள பூரா வெள்ளையா அடைச்சிருக்கு. அக்கா என்ன, மாவு பிசைஞ்சுக்கிட்டே டைப் அடிச்சாங்களா?"

சிரித்தேன்.

"இப்படி அடைச்சா என்னம்மா ஆகும்?"

"ஒழுங்கா அமுக்குனாலும் நாலு தரத்துல ஒரு தரம் எழுத்து வுழாது. மத்ததுலயும் மாவு இருக்கு, ஆனா இது ரொம்ப மோசம். பாவம், எத்தனை தப்பு வந்துச்சோ."

அந்த சுவிட்சை சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். மத்தியானம் மில் திறக்கவில்லை. பெல்ட் அறுந்துபோனதாகச் சொல்லி அனுப்பினேன். அறுந்துபோகவில்லை.

பிப்ரவரி 13, செவ்வாய்

எழுதிவிடுகிறேன்.

போன வருசம் உடையார்பாளையத்துப் பெரிய குடும்பம் ஒன்று காதணி விழாப் பத்திரிகை அடிக்க இந்திராணியிடம் கொடுத்தது. 'தாய்மாமன் மடியில் அமர்த்திக் காது குத்த' என்று இருக்க வேண்டும். ஒரு 'ம' விழவில்லை. 'தாய்மான் மடியில் அமர்த்தி' என்று ஐந்நூறு பத்திரிகை ஊரெல்லாம் போய்விட்டது. தாய்மாமன் என்னைவிட ரெண்டு மடங்கு ஆள், மீசை வேறு. "நான் மானாடி?" என்று வாசலில் வந்து கத்தினான். இந்திராணி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

எனக்கு அது அல்வா. மில்லுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னேன். கொம்பு வைத்துக் காட்டினேன், துள்ளிக் காட்டினேன். ஒரு மாதம் ஓடியது. பயோடேட்டா அடிக்க வந்தவர்கள் அவள் கதவுப் பக்கம் பார்த்து, "பொண்ணு பேரை மானுன்னு போட்டுடப் போறாங்க" என்று சிரித்துக்கொண்டே வேறு கடைக்குப் போனார்கள். அதுவும் எனக்கு ஜோக்காகத்தான் தெரிந்தது.

ஜூன் மாதம் வளர்மதி மகளுக்கு வளைகாப்பு. மைக்கைக் கொடுத்தார்கள். சொன்னேன். மண்டபமே குலுங்கியது. இந்திராணியும் சிரித்தாள், நான் பார்த்தேன். அங்கிருந்து திரும்பி வந்த மறுநாள் காலை ஆறு பத்து பஸ்ஸில் தங்கச்சி வீட்டுக்கே போய்விட்டாள். இப்போது அங்கே ஒரு பனியன் கம்பெனி ஆபீசில் டைப் அடிக்கிறாள். போன் போட்டால் எடுப்பதில்லை. எடுத்தால் நான் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

நடுக்கதவைச் சாத்துங்க, மாவு பறந்து வருது என்று தினம் சொல்வாள். சாத்தினால் நான் பேசுவது அவளுக்குக் கேட்காதே என்று திறந்தே போட்டிருந்தேன்.

பிப்ரவரி 15, வியாழன்

கீபோர்டு வீட்டுக்கு வந்தாயிற்று. பட்டன்களைத் தனியாகப் பையில் போட்டு, "சோப்புத் தண்ணியில ஊறப்போட்டுக் கழுவிட்டு எடுத்தாங்க, நான் மாட்டித் தர்றேன்" என்றாள் ரோஸ்லின். எழுத்து இல்லாத பட்டன்களை அவளே துடைத்து மாட்டிவிட்டாள்.

பையில் இருந்த பட்டன்களில் இங்கிலீஷ் எழுத்து தேய்ந்து பல வருசம். தமிழ் எழுத்தை இந்திராணி சிவப்பு நெயில் பாலிஷில் கையாலேயே எழுதியிருக்கிறாள். முப்பத்தொரு பட்டன். ஒவ்வொன்றாக பல் பிரஷ் போட்டுத் தேய்த்தேன். சுளகில் பரப்பிக் காயவைத்தேன். ஒரு காக்கா வந்து 'ஓ'வைப் பார்த்துவிட்டுப் போனது.

இதற்குப் போய் எதற்கு ரோஸ்லினைத் தொந்தரவு செய்வது? நானே மாட்டினேன். பாட்டுப் பாடிக்கொண்டே மாட்டினேன். மேல்வரிசையில் பன்னிரண்டு குழி. உயிரெழுத்துப் பன்னிரண்டும் கச்சிதமாக உட்கார்ந்தன. நடுவரிசையில் க முதல் ய வரை பதினொன்று. அடியில் ர முதல் ன வரை ஏழு. செய்தவன் பெரிய மூளைக்காரன். புள்ளிக்கு எங்கே இடம் என்று என் வாத்தியார் சொல்லித்தரவில்லை. அடிவரிசை ஓரத்தில் ஒரு குழி மிச்சம் இருந்தது, அங்கே வைத்தேன். சில பட்டன் மேடாகவும் சில பள்ளமாகவும் நிற்கின்றன. வயசான பல் அப்படித்தான் இருக்கும்.

அமுக்கினேன். டக். நடுக்கதவு திறந்துதான் கிடக்கிறது, மில்லில் போய் நின்று கேட்கலாம் என்றால், அமுக்க அந்தப் பக்கம் ஆள் வேண்டும்.

பிப்ரவரி 16, வெள்ளி

போனோடு சேர்க்கும் ஒயரை ரோஸ்லின் ஏற்கெனவே கொடுத்துப் பழக்கியிருந்தாள். 'மா' வேண்டும் என்றால் 'ம', பிறகு 'ஆ'. முடிந்ததும் பெரிய பட்டன். அது போய்ச் சேர்ந்துவிடும்.

அவளுக்குச் சொல்வதை, இரும்புக்குப் போடாத அவள் கீபோர்டிலேயே அடித்து அனுப்ப வேண்டும் என்று ஆசை.

இரண்டு பக்கம் யோசித்து வைத்திருந்தேன். உட்கார்ந்தால் எல்லாமே ஜோக்காக வந்தது. ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டேன். கடைசியில் ஒரு சொல் மிஞ்சியது. 'வ', 'ஆ'. பெரிய பட்டன்.

வா என்று மட்டும் சொன்னால் எதற்கு என்று கேட்பாளே. இன்னொன்று அடித்தேன். மாவு என்னுது. அதற்கு முக்கால் மணி நேரம். கண்ணாடியை மில்லில் வைத்துவிட்டேன். போனில் எழுத்து கடுகு மாதிரி இருக்கிறது, ஆனால் பட்டனில் அவள் எழுத்து கண்ணாடி இல்லாமலே தெரிகிறது.

என் வாழ்க்கையில் கேலி இல்லாமல் நான் சொன்ன முதல் மூன்று வார்த்தை.

பிப்ரவரி 17, சனி

வளர்மதி கூப்பிட்டாள்.

"ஏன் மாமா, எட்டு மாசம் கழிச்சு பொண்டாட்டிக்கு மொத மொத மெசேஜ் அனுப்புறீங்க, அதுல 'ஒஈ'யா? மாட்டையா கூப்புடுறீங்க?"

"எது?"

"அதுக்கு அடுத்தது 'நீ'ன்னு ஆரம்பிச்சு 'பே'ன்னு முடியுது. எங்க அக்கா பேயா?"

"வளரு, நான் அப்படி எழுதலம்மா."

"பின்ன யாரு எழுதுனா, உங்க மில்லு பெல்ட்டா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெல்ட் டைப் அடிப்பதை நினைத்துப் பார்த்தேன். அவ்வளவுதான். அவள் அதைக் கேட்டுவிட்டாள்.

"சிரிங்க மாமா. நல்லா சிரிங்க. இனிமே ஒண்ணு வந்துச்சுன்னா உங்க நம்பரையே பிளாக் பண்ணிடுறேன்னு அக்கா சொல்லிருச்சு."

கண்ணாடியை எடுத்து வந்து போனைப் பார்த்தேன்.

ஒஈ

நீஒஏ றரழரேபே

நான் 'வ'வைத்தான் அமுக்கினேன்.

பிப்ரவரி 19, திங்கள்

கீபோர்டைத் தூக்கிக்கொண்டு ரோஸ்லினிடம் போய் உன் புது முட்டி சரியில்லை என்று சண்டை போட்டேன். சாக்கை விலக்கிப் பார்த்தவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணே... யாருண்ணே இப்படி மாட்டுனது?"

"நான்தான். வரிசை தப்பா?"

"வரிசை சூப்பரா இருக்கு. இது கீபோர்டுண்ணே, ஒண்ணாம் வகுப்பு சார்ட் இல்ல. கம்ப்யூட்டருக்கு வேற வரிசை. நீங்க பட்டனை எங்க மாட்டுனாலும் அந்தக் குழிக்கு எந்த எழுத்தோ அதுதான் வுழும்." சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "'ய' மட்டும் தெரியாத்தனமா சரியான இடத்துல இருக்கு."

நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். வரவில்லை. ரோஸ்லின் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். டீ சொன்னாள்.

சரியாக மாட்டித் தருகிறேன், திருப்பி அனுப்புங்கள் என்றாள். வேண்டாம் என்றேன். இன்னொன்று போனால் பிளாக். அங்கிருந்தே வளர்மதிக்குப் போன் போட்டு, பட்டனை மாற்றி மாட்டிவிட்டேன், அ ஆ இ ஈ என்று மாட்டிவிட்டேன் என்றேன்.

"இதுவும் ஒரு ஜோக்கா மாமா?" என்று வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 20, செவ்வாய்

சாம்பார்ப் பொடி நாள். தும்மல்.

பிப்ரவரி 22, வியாழன்

ரசம் இன்றும் ரெண்டு ஆளுக்கு.

பிப்ரவரி 23, வெள்ளி

யாரோ பெண்ணுக்கு பயோடேட்டா அடிக்க வேண்டும் என்று கேட்டு வந்தார்கள், வெளியூர்க்காரர்கள். போர்டு இன்னும் தொங்குகிறது. அவங்க ஊரில் இல்லை என்றேன். எப்போ வருவாங்க என்றார்கள். அதற்கு நாலைந்து பதில் இருந்தது, எல்லாமே சிரிப்பான பதில். தெரியவில்லை என்றேன்.

பிப்ரவரி 24, சனி

காலையில் போன் டொய்ங் என்றது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரெண்டு தரம் படித்தேன். அப்படியே பார்த்து எழுதுகிறேன், மதியம் முழுக்க இதுதான் வேலை.

'வளரு சொன்னா, நீங்க பட்டனை அ ஆ இ ஈன்னு மாட்டிட்டதா கதை விட்டீங்கன்னு. வேற யாரு சொன்னாலும் கதைன்னு நினைச்சிருப்பேன். நீங்க அப்படித்தான் மாட்டுவீங்க. சாப்பாட்டு நேரத்துல பேப்பர்ல கட்டம் போட்டு ஒவ்வொரு எழுத்தா எடுத்தேன். நாலு நாள் ஆச்சு. ரெண்டையும் படிச்சிட்டேன்.

மாவு உங்களுதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். சொன்னா அதையும் ஜோக் ஆக்குவீங்கன்னு சொல்லலை. என்னை மைக் வச்சு ஊருக்குச் சொன்னீங்க. மாவை மட்டும் என் காதுல வந்து ரகசியமா சொல்றீங்க.'

அவ்வளவுதான். கீழே பேர்கூடப் போடவில்லை.

அவளுக்குத் தெரியும். இத்தனை மாதமாகத் தெரியும்.

பிப்ரவரி 26, திங்கள்

திங்கட்கிழமை மிளகாய். பதினைந்து பேருக்குக் குறையாமல் நிற்பார்கள். பதினோரு மணிக்கு சுவிட்சை அணைத்து பெல்ட்டை நிறுத்தினேன். கரண்டு போயிருச்சா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

"இல்ல, நான்தான் நிறுத்துனேன். ஒண்ணு சொல்லணும். அந்தத் தாய்மான் இருக்குல்ல..."

"மான் வந்துருச்சுடி!" என்று முன்னால் நின்ற பவுனம்மா கைதட்டினாள். எங்கள் தெருவில் மூத்த வாடிக்கைக்காரி, என் எல்லா ஜோக்குக்கும் முதல் ஆளாகச் சிரிக்கிறவள். எல்லாரும் சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்க. தப்பு என் வீட்டம்மா பண்ணல. என் மில்லு மாவு பறந்து போயி அவ பட்டனை அடைச்சிருக்கு. அவ ஒழுங்காத்தான் அடிச்சா. கதவைச் சாத்தச் சொன்னா, நான் சாத்தல."

இன்னும் சிரித்தார்கள். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு நான் சொன்னதே பெரிய ஜோக்காகிவிட்டது. இத்தனை வருசம் நான் பழக்கிய சிரிப்பு. யாரைக் குறை சொல்வது?

சட்டைப் பையில் இருந்து அந்தப் பழைய சுவிட்சை எடுத்துப் பவுனம்மா கையில் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தாள். நகத்தால் சுரண்டினாள். விரலை மூக்கில் வைத்தாள்.

"கம்பு மாவுல்ல இது?"

அவள் பக்கத்து ஆளிடம் கொடுத்தாள். அது கை மாறி மாறிப் போனது. இந்த வரிசையில் வாராவாரம் கம்பு அரைக்க வருகிறவள் பவுனம்மா ஒருத்திதான்.

"என் மருமவளுக்கு ரேசன் கார்டு மனு அடிக்க இந்திராணிகிட்டத்தான் போவேன்" என்றாள் மெதுவாக. "நீ அந்தக் கதையைச் சொன்ன பெறவு போவல. அது ஒண்ணும் கேக்கல. வேற எங்க போறீங்கன்னுகூடக் கேக்கல."

பெல்ட்டைப் போட்டேன். மிளகாய் நெடி. எல்லாருக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது, எனக்கும். மிளகாய் நாளில் அது ஒரு வசதி.

பிப்ரவரி 28, புதன்

பவுனம்மா மாவுத் தூக்கைத் தலையில் வைத்துக்கொண்டு போனில் யாரிடமோ கத்திக்கொண்டு போனாள். "ஆமாங்கறேன்! பெல்ட்டை நிறுத்திட்டுல்ல சொன்னான்!"

பிப்ரவரி 29, வியாழன்

நாலு வருசத்துக்கு ஒரு தரம் வருகிற தேதி. ஆறு பத்து திருச்சி பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன், அங்கே மாறித்தான் திருப்பூர் போக வேண்டும். எழுத்து குதிக்கிறது.

ஐந்து மணிக்கு, நான் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது, டொய்ங்.

'ஒஈ'

வேறு ஒன்றும் இல்லை. வாயில் நுரையோடு நின்றேன். பதிலுக்குப் பதில் கேலி செய்துவிட்டாள், முடிந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் கீபோர்டை எடுத்து மடியில் வைத்தேன். நான் 'வ'வை அமுக்கினால் 'ஒ' விழும். 'ஆ'வை அமுக்கினால் 'ஈ' விழும்.

இருபத்தாறு வருசத்தில் அவள் என்னை 'வா' என்று சொன்னதே இல்லை. 'வாங்க'தான். 'ங்க'வை விட்டுவிட்டாள். கோபத்தில் விட்டாளா, கேலிக்கு விட்டாளா தெரியவில்லை. போய்த்தான் கேட்க வேண்டும். கேட்கலாமா என்பதையும் போய்த்தான் பார்க்க வேண்டும்.

ஷட்டரை இறக்கினேன். நடுக்கதவை இழுத்தேன். இத்தனை வருசம் திறந்தே கிடந்ததில் தரையோடு ஒட்டிக்கொண்டு வரவில்லை. தோள் கொடுத்துத் தள்ளிச் சாத்தித் தாழ் போட்டேன்.

கண்டக்டர் வந்தார். என் மடியில் சாக்குச் சுற்றிய கீபோர்டைப் பார்த்தார். "என்ன பெருசு, ஆர்மோனியமா? ஒரு பாட்டு எடுத்து வுடறது."

நாக்கு நுனியில் பதில் வந்து நின்றது. நல்ல பதில், பஸ்ஸே சிரித்திருக்கும்.

"வீட்டம்மாவோடதுங்க" என்றேன். "பட்டனை நான் மாத்தி மாட்டிட்டேன். குடுத்துட்டு வரப் போறேன். திருச்சி ஒண்ணு குடுங்க."